'தி ஹேட் யு கிவ்' போலீசை வெறுக்கச் சொல்லித்தரும் நாவலா?

கேட்கப்பட்ட கேள்வி இது: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் ஆஞ்சி தாமஸ் எழுதிய 'தி ஹேட் யு கிவ்' நாவலை வாங்கித் தரச் சொல்கிறாள். அமெரிக்காவிலேயே சில பள்ளிகளில் அதை எடுத்துவிட்டார்களாம். கெட்ட வார்த்தைகள் நிறைய, போலீசுக்கு எதிரான பிரச்சாரம் என்றெல்லாம் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுங்கள். முடிந்தால் நீங்களும் கூடவே படியுங்கள். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுத வேண்டியிருக்கிறது. கதையின் முக்கியத் திருப்பங்களையும் சொல்லப்போகிறேன், முன்கூட்டித் தெரிய வேண்டாம் என்பவர்கள் நாவலைப் படித்துவிட்டு வாருங்கள்.

இந்த நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் அந்தத் துப்பாக்கிச்சூட்டைப் பற்றியே பேசுகிறார்கள். ஆனால் அது இரண்டாம் அத்தியாயத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் வரும் 13 வாரங்கள்தான் நாவல். செத்துப்போன பையன் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குற்றவாளி ஆக்கப்படுகிறான், நடந்ததைக் கண்ணால் பார்த்த ஒரே பெண் வாயைத் திறக்க என்ன விலை கொடுக்கிறாள் என்பதுதான் தாமஸ் எழுதியிருக்கும் கதை. சுட்ட போலீஸ்காரர் நாவலில் வரும் பக்கங்கள் மிகக் குறைவு.

ஸ்டார் கார்ட்டருக்கு 16 வயது. வீடு கார்டன் ஹைட்ஸ் என்ற கற்பனை ஊரில், கறுப்பின மக்கள் வாழும் ஏழைப் பகுதி. படிப்பது வில்லியம்சன் என்ற தனியார் பள்ளியில், அங்கே பெரும்பாலும் வசதியான வெள்ளைக்காரப் பிள்ளைகள். அப்பா மேவரிக் மளிகைக்கடை வைத்திருக்கிறார், ஒரு காலத்தில் கும்பலில் இருந்து மூன்று வருடம் சிறையில் கழித்துவிட்டு வந்தவர். அம்மா லிசா நர்ஸ். அப்பாவுக்கு வேறொரு பெண்ணிடம் பிறந்த அண்ணன் செவன், குட்டித் தம்பி சேகானி, அப்புறம் தாய்மாமன் கார்லோஸ். இந்த மாமா போலீஸில் துப்பறிவாளர். அப்பா சிறையில் இருந்தபோது ஸ்டாரைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். போலீஸ் எதிர்ப்பு நாவல் என்று சொல்பவர்கள் இந்த மாமாவை மறந்துவிட்டுத்தான் பேசுகிறார்கள், அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒரு பார்ட்டியில் சண்டை மூண்டு துப்பாக்கி வெடிக்கிறது, ஸ்டாரும் சிறுவயதுத் தோழன் கலீலும் அவனுடைய காரில் கிளம்புகிறார்கள். வழியில் போலீஸ் நிறுத்துகிறது, பின்விளக்கு உடைந்திருக்கிறதாம். கலீலைக் கீழே இறக்கி மூன்று முறை தடவிச் சோதிக்கிறார் அந்த அதிகாரி, ஒன்றும் கிடைக்கவில்லை. அங்கேயே நில் என்று சொல்லிவிட்டுத் தன் வண்டிக்குப் போகிறார். கலீல் கார் கதவைத் திறந்து, ஸ்டார், நீ நல்லா இருக்கியா என்று கேட்கிறான். மூன்று குண்டுகள். பயந்துபோயிருந்த தோழியிடம் ஒரு வார்த்தை விசாரித்தது தவிர அவன் எதுவுமே செய்யவில்லை. அடுத்து அந்த அதிகாரி துப்பாக்கியை ஸ்டாரை நோக்கித் திருப்பிப் பிடிக்கிறார், உதவி வரும்வரை. ஸ்டார் அவரைப் பெயர் சொல்லி அழைப்பதே இல்லை. அவள் மனதில் பதிந்தது சட்டையில் இருந்த பேட்ஜ் எண் 115. நாவல் முழுக்க அவளுக்கு அவர் 'ஒன்-ஃபிஃப்டீன்' மட்டும்தான்.

அந்த எண் எப்படி மனதில் பதிந்தது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. ஸ்டாருக்கு 12 வயதானபோது பெற்றோர் இரண்டு விஷயங்களை உட்காரவைத்துப் பேசினார்கள். ஒன்று, ஆண் பெண் உறவு பற்றி. இன்னொன்று, போலீஸ் நிறுத்தினால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று. கை வெளியே தெரியட்டும், சட்டென்று அசையாதே, அவர்கள் கேட்டால் மட்டும் பதில் சொல். அமெரிக்கக் கறுப்பினக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக நடக்கும் பேச்சு இது, நாவலாசிரியர் கற்பனை செய்தது அல்ல. வயசுக்கு வந்த பிள்ளையிடம் சொல்ல வேண்டிய விஷயங்களில் இதுவும் ஒன்று என்று பெற்றோர் நினைக்கும் நிலைமையை அந்த அரைப்பக்கம் எந்த விளக்கமும் இல்லாமல் காட்டிவிடுகிறது. கலீலுக்கு அந்தப் பேச்சை யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்களா என்று அந்தக் கார் இருக்கையில் உட்கார்ந்தபடி ஸ்டார் யோசிக்கிறாளே, எனக்கு நாவலிலேயே தாங்க முடியாத வரி அதுதான்.

இனி, இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். தாமஸ் பிறந்து வளர்ந்தது மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில், கறுப்பின மக்கள் வாழும் ஒரு ஏழைப் பகுதியில். கல்லூரி அதே ஊரில்தான் என்றாலும் அது பெரும்பாலும் வெள்ளை மாணவர்கள் படிக்கும் கிறிஸ்தவக் கல்லூரி. ஸ்டாரின் இரட்டை வாழ்க்கை அங்கே தொடங்குகிறது. 2009 ஜனவரி 1 விடியற்காலையில் கலிபோர்னியாவின் ஓக்லண்டில் ஃப்ரூட்வேல் ரயில் நிலைய நடைமேடையில் ஆஸ்கர் கிராண்ட் என்ற 22 வயது இளைஞரை, தரையில் குப்புறக் கிடந்த நிலையில், ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் முதுகில் சுட்டார். பயணிகள் கைபேசியில் எடுத்த வீடியோ நாடு முழுக்கப் பரவியது. தாமஸின் தெருவில் அவரைத் தங்கள் வீட்டுப் பையனாகப் பேசினார்கள். கல்லூரியில், அவர் ஏற்கெனவே சிறைக்குப் போனவர்தானே, ஏதாவது செய்திருப்பார் என்று பேசினார்கள். ஒரே மரணம், ஒரே ஊரில் இரண்டு கதைகள். அந்தக் கோபத்தில் இறுதியாண்டுக்கு ஒரு சிறுகதை எழுதினார், அது பின்னால் இந்த நாவல் ஆனது. கிராண்டைச் சுட்டவர் மின்அதிர்ச்சிக் கருவியை எடுப்பதாக நினைத்துத் துப்பாக்கியை எடுத்துவிட்டேன் என்றார். 2010இல் நோக்கமில்லாக் கொலைக் குற்றம் உறுதியாகி இரண்டு வருட தண்டனை, அதிலும் ஒரு வருடத்துக்குள் வெளியே வந்துவிட்டார்.

2015இல் ஒரு இலக்கிய முகவர் ட்விட்டரில் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது, 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' (கறுப்பின உயிர்களும் முக்கியம்) என்ற போராட்டம் பதின்ம வயதினருக்கான நாவலுக்கு ஏற்ற பொருளா என்று தாமஸ் கேட்டார். அந்த முகவர் பிரதியை அனுப்பச் சொன்னார். அடுத்த வருடம் அதை வாங்க 13 பதிப்பகங்கள் ஏலத்தில் போட்டியிட்டன. 2017 பிப்ரவரியில் வெளிவந்து நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் அதிகம் விற்கும் இளையோர் நூல்கள் பட்டியலில் முதலிடத்தில் ஏறியது, அங்கேயே பல மாதங்கள் இருந்தது.

நாவலின் நடுப்பகுதிக்கு வருகிறேன். பெற்றோராக நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டியது அதுதான்.

கலீல் செத்த இரண்டொரு நாளில் ஸ்டாரைப் போலீஸ் நிலையத்துக்கு அழைத்து விசாரிக்கிறார்கள். ரொம்பக் கனிவாகவே பேசுகிறார்கள். ஆனால் கேள்விகள் எல்லாம் எதைப் பற்றி? பார்ட்டியில் குடித்தார்களா, கலீல் போதைப்பொருள் விற்றானா, அவன் கும்பலில் இருந்தானா. சுட்டவரைப் பற்றி ஒரு கேள்விகூட ஒழுங்காக வரவில்லை என்று அந்தப் பெண்ணுக்கே பாதியில் உறைக்கிறது. தொலைக்காட்சியில் அவன் பெயருக்கு முன்னால் 'போதைப்பொருள் விற்றதாகச் சந்தேகிக்கப்படும்' என்ற அடைமொழி ஒட்டிக்கொள்கிறது. சுட்ட அதிகாரியின் அப்பா தொலைக்காட்சியில் உட்கார்ந்து, என் மகன் நல்லவன், உயிருக்குப் பயந்தான் என்று கண்கலங்குகிறார். பேட்டி எடுப்பவரும் சேர்ந்து உருகுகிறார். கார் கதவில் இருந்த தலைசீவும் பிரஷ் துப்பாக்கி போலத் தெரிந்ததாம்.

தாமஸ் இங்கே எடுத்திருக்கும் முடிவு எனக்கு ரொம்பப் பிடித்தது. கலீலை அவர் தங்கக்கம்பியாக ஆக்கவில்லை. அவன் உண்மையிலேயே போதைப்பொருள் விற்றவன்தான். ஸ்டாருக்கே அவன்மேல் கோபம் வருகிறது, ஏனென்றால் அவனுடைய அம்மாவே போதைக்கு அடிமை, அந்தச் சனியனையே இவன் எப்படி விற்றான் என்று. பின்னால்தான் தெரியவருகிறது, ஊர் ரவுடி கிங்கிடம் அவன் அம்மா பட்ட கடனை அடைக்கத்தான் விற்றான் என்றும், கும்பலில் சேரச் சொன்னபோது மறுத்தான் என்றும். கும்பலுக்குரிய சாம்பல் நிறத் துணியை அவன் பிணத்தின் மேல் கிங் வைத்தது வெறும் வீம்பு. ஆனால் இந்த நல்ல காரணம் தெரியாமலே போயிருந்தாலும் என்ன? ஒரு பையன் குற்றமே செய்திருந்தாலும் கார் கதவைத் திறந்ததற்குச் சாவா என்பதுதான் நாவல் கேட்கும் கேள்வி. அப்பாவி என்று நிரூபித்தால்தான் அழலாம் என்ற நிபந்தனையை அது ஏற்கவே மறுக்கிறது.

சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இந்தப் பகுதி இன்னும் கனமாகும். போலீஸ் பயன்படுத்திய பலம் அதிகமா இல்லையா என்பதை அமெரிக்க நீதிமன்றங்கள் 1989இல் வந்த கிரஹாம் எதிர் கானர் என்ற உச்சநீதிமன்றத் தீர்ப்பை வைத்துத்தான் அளக்கின்றன. நீரிழிவு நோயாளியான டெத்தோர்ன் கிரஹாம் 1984இல் வட கரோலினாவின் சார்லட் நகரில் சர்க்கரை குறைந்து ஆரஞ்சு ஜூஸ் வாங்கக் கடைக்குள் ஓடுகிறார், வரிசை நீளமாக இருந்ததால் உடனே வெளியே வருகிறார், அதைச் சந்தேகப்பட்டு நிறுத்திய போலீசிடம் சிக்கிக் கால் எலும்பு முறிகிறது. அவர் போட்ட வழக்கில் நீதிமன்றம் சொன்னது: சம்பவ இடத்தில் இருக்கும் நியாயமான ஒரு அதிகாரியின் பார்வையிலிருந்து பார்க்க வேண்டும், பின்னால் உட்கார்ந்து யோசிக்கிறவர்களின் பார்வையிலிருந்து அல்ல. அன்றிலிருந்து 'உயிருக்குப் பயந்தேன்' என்ற வாக்கியத்துக்கு அசாத்தியமான எடை. தொலைக்காட்சியில் அந்த அப்பா பேசியது மகன்பாசத்தில்தான், ஆனால் வழக்கில் நிற்கப்போகும் வாதமும் அதே வாக்கியம்தான். பின்விளக்கு விஷயமும் அப்படியே. 1996இல் ரென் வழக்கில் வந்த தீர்ப்புப்படி, சின்னப் போக்குவரத்து மீறல் ஒன்று இருந்தால் போதும், அதிகாரியின் மனதில் உண்மையான காரணம் வேறாக இருந்தாலும் நிறுத்தியது செல்லும்.

அப்புறம் கிராண்ட் ஜூரி. நம் வாசகர்கள் பலர் இதை வழக்கு விசாரணை என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. வழக்கே போடலாமா வேண்டாமா என்று பொதுமக்களில் சிலரை உட்காரவைத்து மூடிய கதவுக்குள் முடிவெடுப்பது. அங்கே நீதிபதியும் இல்லை, செத்தவன் சார்பில் வழக்கறிஞரும் இல்லை. எந்தச் சாட்சியத்தை எப்படிக் காட்டுவது என்பது அரசு வழக்கறிஞர் கையில், அவரோ தினமும் அதே போலீசோடு வேலை செய்கிறவர். 2014 நவம்பரில் மிசௌரியின் ஃபெர்கசனில் போலீஸ் சுட்டுக் கொன்ற மைக்கேல் பிரௌன் வழக்கில் குற்றச்சாட்டு வேண்டாம் என்று கிராண்ட் ஜூரி முடிவெடுத்தது. சில நாட்களில் நியூயார்க்கில் போலீஸ் கழுத்தைப் பிடித்து அமுக்கியதில் இறந்த எரிக் கார்னர் வழக்கிலும் அதே முடிவு. பொம்மைத் துப்பாக்கியோடு பூங்காவில் விளையாடிக்கொண்டிருந்த 12 வயது டமீர் ரைஸைக் கிளீவ்லாந்து போலீஸ் சுட்டது 2014இல், 2015 டிசம்பரில் அதே முடிவு. நாவலில் ஸ்டார் அழுதுகொண்டே உள்ளே போய்ச் சாட்சி சொல்கிறாள், இதைத் தெரிந்து படிக்கும் அமெரிக்க வாசகருக்கு முடிவு என்னவாகும் என்று முதல் பக்கத்திலிருந்தே ஒரு பயம் இருக்கும். அந்தப் பயம் பொய்க்கவில்லை.

சரி, போலீஸ் வெறுப்பு என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன்.

2018இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் அருகே வாண்டோ உயர்நிலைப் பள்ளி, கோடை விடுமுறையில் படிக்கக் கொடுத்த பட்டியலில் இந்த நாவலும் இருந்தது. உள்ளூர் போலீஸ் சங்கம் இது பிள்ளைகளுக்குப் போலீஸ் மேல் அவநம்பிக்கையை ஊட்டுகிறது என்று எதிர்த்தது. அதற்கு மூன்று வருடம் முன்னால், 2015 ஏப்ரல் 4 அன்று, அதே சார்ல்ஸ்டன் வட்டாரத்தில் நார்த் சார்ல்ஸ்டனில் வால்டர் ஸ்காட் என்பவரைப் பின்விளக்கு எரியவில்லை என்று போலீஸ் நிறுத்தியது. இறங்கி ஓடிய அவரை மைக்கேல் ஸ்லேகர் என்ற அதிகாரி பின்னாலிருந்து சுட்டார், எட்டுத் தடவை. என் மின்அதிர்ச்சிக் கருவியைப் பிடுங்கினார், உயிருக்குப் பயந்தேன் என்பதுதான் முதலில் வந்த கதை. வேலைக்கு நடந்துபோய்க்கொண்டிருந்த ஒருவர் கைபேசியில் எடுத்த வீடியோ வெளிவந்ததும் அந்தக் கதை நொறுங்கியது. அப்படியும் மாநில நீதிமன்றத்தில் ஜூரிக்குள் ஒருமித்த முடிவு வரவில்லை. 2017இல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகே 20 வருட தண்டனை கிடைத்தது. அந்த வீடியோவை எடுத்தவர் பின்னால் சொன்னது முக்கியம்: பயந்துபோய் அதை அழித்துவிட்டு ஊரைவிட்டே போய்விடலாமா என்று யோசித்தாராம். அழித்திருந்தால் வால்டர் ஸ்காட் இன்றைக்குப் போலீசைத் தாக்கியவர் என்ற பெயரோடு புதைக்கப்பட்டிருப்பார். அவ்வளவு மெல்லிய நூலில்தான் உண்மை தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் கண்ணால் கண்ட சாட்சி ஒருத்தியைப் பற்றிய நாவலைப் படிக்கக் கூடாது என்றால் வேறு யார் படிப்பது?

கார்லோஸ் மாமாவை இந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள். அவர் சுட்டவரின் சக ஊழியர். முதலில் அவரும் கலீலைப் பற்றித்தான் சந்தேகமாகப் பேசுகிறார், பயத்தில் தப்பு நடக்கும் என்ற பக்கம் சாய்கிறார், மேவரிக்கோடு அதற்காகச் சண்டையும் வருகிறது. பின்னால் தன் மருமகள் மேலேயே துப்பாக்கி நீட்டப்பட்டது தெரிந்து அந்த அதிகாரியை அடித்துவிட்டுக் கட்டாய விடுப்பில் உட்காருகிறார். ஸ்டாரிடம் மன்னிப்பும் கேட்கிறார். அந்தப் பையன் கண்முன்னால் வளர்ந்தவன், அவனுடைய சாவுக்கு நியாயம் தேட முயன்றேனே என்று வெட்கப்படுகிறார், கதவைத் திறந்ததற்காக ஒருவனைக் கொல்கிறவன் போலீஸாகவே இருக்கக் கூடாது என்கிறார். நாவலில் போலீஸ் வேலையைப் பற்றி மிகக் கடுமையான வார்த்தை ஒரு போலீஸ்காரர் வாயிலிருந்தே வருகிறது, அதுவும் அந்த வேலையை நேசிக்கும் ஒருவரிடமிருந்து. இதைப் படித்தும் வெறுப்புப் பிரச்சாரம் என்று சொல்ல முடியுமா என்று எனக்குப் புரியவில்லை.

டெக்சஸின் கேட்டி பள்ளி மாவட்டத்தில் கெட்ட வார்த்தைகளைக் காரணம் காட்டி நூலகங்களிலிருந்தே எடுத்தார்கள், மாணவர்கள் தரப்பில் எதிர்ப்பு கிளம்பிய பிறகு பெற்றோர் அனுமதியோடு மட்டும் என்று திரும்ப வைத்தார்கள். அதிகம் எதிர்க்கப்பட்ட புத்தகங்கள் என்று அமெரிக்க நூலகச் சங்கம் வருடாவருடம் வெளியிடும் பட்டியலில் 2017, 2018, 2020, 2021 ஆகிய வருடங்களில் இந்நாவல் இருக்கிறது. கெட்ட வார்த்தை உண்மையிலேயே நிறைய. போதைப்பொருள், துப்பாக்கி, காதலனோடு நெருக்கம் எல்லாம் உண்டு, விரசமாக ஒன்றும் இல்லை. 14 வயதுப் பிள்ளைக்குத் தாங்கும்.

மகளிடம் நீங்கள் பேச வேண்டிய இன்னொரு பக்கம் பள்ளிக்கூடம். வில்லியம்சனில் ஸ்டார் தெருப்பேச்சு பேச மாட்டாள், கோபப்பட மாட்டாள், யாராவது சீண்டினாலும் சிரித்துவிட்டுப் போய்விடுவாள், 'அந்தப் பகுதிப் பெண்' என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத் தன்னைத்தானே நாள் முழுக்கக் காவல் காக்கிறாள். கலீல் செத்ததைப் பார்த்தவள் தான்தான் என்று காதலன் கிறிஸிடம்கூட வாரக்கணக்கில் சொல்வதில்லை. அங்கே மாணவர்கள் கலீலுக்காக வகுப்பைப் புறக்கணிக்கிறார்கள், உண்மையில் வகுப்புக்கு மட்டம் போட ஒரு சாக்கு. தோழி ஹெய்லி அதில் உற்சாகமாக இருக்கிறாள், அதே ஹெய்லிதான் பின்னால் சுட்ட அதிகாரியின் குடும்பத்துக்காகப் பரிதாபப்படுகிறாள். டம்ப்ளர் (Tumblr) என்ற சமூக வலைத்தளத்தில் ஸ்டாரின் பக்கத்தைப் பின்தொடர்வதை இந்த ஹெய்லி நிறுத்தியதற்குக் காரணம் ஒரு படம்: எம்மெட் டில்லின் சிதைந்த முகம்.

இந்தப் படத்தைத் தாமஸ் சும்மா வைக்கவில்லை. சிகாகோவிலிருந்து விடுமுறைக்கு மிசிசிப்பி வந்த 14 வயதுச் சிறுவன் எம்மெட் டில், 1955 ஆகஸ்டில் கடைக்கார வெள்ளைப் பெண்ணை அவமதித்தான் என்று கடத்திக் கொல்லப்பட்டான். அம்மா மேமி டில் சவப்பெட்டியை மூடவிடவில்லை, என் பிள்ளைக்கு என்ன செய்தார்கள் என்று உலகம் பார்க்கட்டும் என்றார், 'ஜெட்' பத்திரிகை படத்தை வெளியிட்டது. சிறுவன் தங்கியிருந்த வீட்டுத் தாத்தா உறவான மோஸ் ரைட் என்ற முதியவர், முழுக்க வெள்ளையர்களே இருந்த ஜூரிக்கு முன்னால் எழுந்து நின்று, கடத்தியவர்களை விரலை நீட்டிக் காட்டினார். அந்தக் காலத்து மிசிசிப்பியில் ஒரு கறுப்பர் அப்படிச் செய்வது கழுத்தைத் தானே கொடுப்பது. ஜூரி ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பேசிவிட்டு இருவரையும் விடுதலை செய்தது, ரைட் தன் ஊரையும் பயிரையும் விட்டுவிட்டு சிகாகோ போய்விட்டார். மிசிசிப்பிக்காரியான தாமஸ் ஸ்டாரை நிறுத்தியிருப்பது இந்த முதியவர் நின்ற இடத்தில்தான் என்று நான் நினைக்கிறேன். நாவலின் கடைசிப் பக்கத்தில் ஆஸ்கர், டமீர், ஃபிலாண்டோ என்று கொல்லப்பட்ட நிஜ மனிதர்களின் முதல் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்து எம்மெட்டில் நிறுத்துகிறார்.

மேவரிக்கைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கறுப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் இயக்கத்தின் பத்து அம்சத் திட்டத்தைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்யவைத்தவர், கடை முழுக்க உழைப்பு, பின்கட்டில் ரோஜாச் செடிகளோடு பேசுகிறவர். காரில் போகும்போது ஸ்டாரிடம் அவர் கேள்வி கேட்டுக் கேட்டே விளக்குவார்: இந்தப் போதைப்பொருளை நம் தெருவுக்குக் கொண்டுவருவது யார், நம் ஆட்களிடம் விமானம் இருக்கிறதா, வேலை இல்லாதவன் விற்கிறான், பிடிபட்டு வந்தபின் வேலை யார் கொடுப்பார்கள், மறுபடி விற்கிறான். நாவலின் தலைப்பு ராப் பாடகர் டூபாக் சொன்ன ஒரு கருத்திலிருந்து வந்தது, குழந்தைகளுக்குச் சமூகம் ஊட்டும் வெறுப்பு கடைசியில் எல்லாரையும் அழிக்கும் என்பது. அந்தக் கார்ப்பேச்சில்தான் ஸ்டார் அதைத் தன் சொந்தத் தெருவில் பொருத்திப் பார்க்கிறாள். இதே மேவரிக்கைக் கடை வாசலில், பக்கத்துக் கடை நாவிதர் மிஸ்டர் லூயிஸோடு வாய்த்தகராறில் நின்ற மனிதரை, போலீஸ் பிள்ளைகள் கண்ணெதிரே தரையில் குப்புறப் படுக்கவைக்கிறது. முதலில் சாதாரணமாகத்தான் விசாரிக்கிறார்கள், பெயரைப் பார்த்து இவர் அந்தச் சாட்சியின் அப்பா என்று தெரிந்ததும் தொனி மாறுகிறது. எதற்கும் அஞ்சாத அப்பா எதிர்க்காமல் படுத்துக்கிடப்பதைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். 12 வயதில் ஸ்டாருக்குச் சொன்ன அதே விதிகளை அவரே கடைப்பிடிக்கிறார்.

குறைகள் இல்லையா? இருக்கின்றன. ஹெய்லி கொஞ்சம் அட்டைப் பொம்மை, அவளுக்கு ஒரு தடவையாவது உண்மையான சங்கடம் வந்திருந்தால் அந்த நட்பு முறிவதற்கு இன்னும் வலி கூடியிருக்கும். கடைசி மூன்றில் ஒரு பங்கில் கிங்கின் கதை பெரிதாக வீங்கி, கடை எரிந்து, தெருவே ஒன்றுசேர்ந்து அவனைக் காட்டிக்கொடுத்து அவன் கைதாகிறான். சுட்ட போலீஸ்காரருக்கு ஒன்றும் ஆகாத கதையில் வாசகருக்கு ஏதாவது நியாயம் கிடைக்கட்டும் என்று செய்தது போலத் தோன்றும். கலவரக் காட்சி மட்டும் அப்படி இல்லை. கிராண்ட் ஜூரி முடிவு வந்த இரவில் ஸ்டார் போலீஸ் வண்டிமேல் ஏறி ஒலிபெருக்கியில் பேசுவது எந்த மேடைப்பேச்சும் போல இருக்காது, குரல் உடைந்து, சொன்னதையே சொல்லி, கலீல் வாழ்ந்தான் என்ற ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறாள்.

2018இல் ஜார்ஜ் டில்மன் இயக்கிய படமும் நல்ல படம், ஸ்டாராக அமாண்ட்லா ஸ்டென்பெர்க். ஆனால் படத்தை முதலில் காட்டாதீர்கள். படத்தில் பிரஷ் கலீலின் கையிலேயே இருக்கிறது, நாவலில் கதவில் இருக்கிறது. சின்ன மாற்றம்போலத் தெரியும், ஆனால் கையில் எதுவும் இல்லாதவனைச் சுட்டார்கள் என்ற நாவலின் கசப்பு அதனால் மங்கிவிடுகிறது. மறுபக்கம், படத்தில் கார்லோஸ் மாமாவிடம் ஸ்டார், விலையுயர்ந்த காரில் வரும் கோட்டுப் போட்ட வெள்ளைக்காரரை இதேபோல் நிறுத்தினால் சுடுவீர்களா, கையைத் தூக்கு என்பீர்களா என்று கேட்டு அவர் பதில் சொல்லத் திணறும் காட்சி, நாவலில் இல்லாத பலம்.

மகள் முதல் இரண்டு அத்தியாயங்களை முடித்ததும் அவசரப்பட்டு எதையும் கேட்காதீர்கள். விசாரணை அறையும் தொலைக்காட்சிப் பேட்டியும் வரும் இடத்தில் பேசுங்கள், கலீலைப் பற்றி என்ன நினைக்கிறாய், அவன் விற்றான் என்று தெரிந்ததும் உன் மனதில் ஏதாவது மாறியதா என்று. நான் பேசிப் பார்த்த பதின்ம வயதுப் பிள்ளைகள் பலர் ஆமாம், கொஞ்சம் மாறியது என்று நேர்மையாகச் சொன்னார்கள். அங்கிருந்துதான் உருப்படியான பேச்சு தொடங்கியது. பிடித்துப்போனால் அடுத்து 2021இல் வந்த 'கான்க்ரீட் ரோஸ்' வாங்கிக் கொடுங்கள், 17 வயது மேவரிக்கின் கதை. அதை முதலில் படிக்க வேண்டாம், இந்த அப்பாவைத் தெரிந்துகொண்ட பிறகு படித்தால்தான் அந்தப் பையன் எடுக்கும் ஒவ்வொரு தப்பான முடிவும் உறுத்தும்.